கும்பிடாமல் வாங்கும் காசு

1

நான் தேதி குறித்து வைக்கிறவன். ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பத்தொன்பது டைரிகள் அலமாரியில் இருக்கின்றன. முதல் பனி விழுந்த நாள், மாடிப்படியைப் பெருக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்த வாரம், மகள் யாழினி நான் தமிழில் கேட்ட கேள்விக்கு முதன்முதலாக ஜெர்மனில் பதில் சொன்ன மாலை, எல்லாம் அவற்றில் உண்டு. ஆகவே இந்த விவகாரம் தொடங்கிய நேரத்தையும் சரியாகச் சொல்ல முடியும். பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி.

காலணி இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைத் திறந்து, ஜோடி ஜோடியாக எடுத்து, தையல் ஓடிய வரியைப் பார்த்து, பசை வழிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பெட்டியைத் திறந்ததும் வருகிற வாசனையை இங்கே புதுத்தோல் வாசனை என்பார்கள். எனக்கு அது எங்கள் ஊரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வரும் பெண்களின் வாசனை.

ரொட்டியைப் பிரித்தபோது கைப்பேசியில் ஒரு பட்டியல் வந்தது. அனுப்பியவர் ராஜசேகர், எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், காட்பாடிக்காரர், கணினித் துறையில் பெரிய சம்பளம். நான் சங்கத்தின் செயலாளர். சித்திரை விழாவை ஒட்டி, ஆம்பூர் வட்டாரத்தில் பத்து ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பது சங்கத்தின் திட்டம். அங்கே ஒரு மண்டபத்தில் மேடை போட்டுக் கொடுப்பார்கள். அதைப் படம் பிடித்து இங்கே விழாவில் திரையில் காட்டுவார்கள். ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் நான் நான்கு வரி எழுத வேண்டும்.

"படிச்சா கண்ணுல தண்ணி வரணும் சார்" என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார். "உங்களுக்குத்தான் அந்த எழுத்து வரும்."

பத்துப் புகைப்படங்கள். எல்லாப் பெண்களும் வீட்டு வாசலில் நின்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவது பெண்: செல்வி, விதவை, ஒரு மகள், மாதனூர் அருகே.

செல்வி என் தங்கை.

ராஜசேகருக்கு அது தெரியாது. சங்கத்தில் என்னை வேலூர்க்காரன் என்றுதான் அறிவார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த நாற்பத்தாறு வயதுவரை அவள் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கோயிலிலேயே அரைக்கும்பிடு போடுகிறவள்.

2

அந்தப் பட்டியல் வந்தது நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கடிதத்தை எடுத்துப் பார்க்கிற அதே வாரத்தில்.

வந்து எட்டாம் ஆண்டில் முதலில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. பள்ளிச் சான்றிதழ் முதல் பாலிடெக்னிக் மதிப்பெண் பட்டியல் வரை ஒரு கோப்பில் அடுக்கி, மனைவி செய்த மைசூர்பாகு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி டப்பாவைத் தொடவில்லை. மதிப்பெண் பட்டியலைத் திறக்கவில்லை. அகராதியில் தேடிப் பிடித்த சொல்லால் உதவிக்கு நன்றி சொன்னேன். அந்தச் சொல் கோயில் வாசலில் போடுகிற பிச்சைக்கு உரியதாம். அவர் முகம் சுளித்து, "அதெல்லாம் இல்லை, இது உங்களுக்குச் சேரவேண்டியது" என்றார். சொன்ன விதத்தில் கனிவு ஒன்றும் இல்லை. அவருக்கு என்னை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சில வாரத்தில் பணம் அனுமதித்த அந்தக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரியில், இக்கடிதம் இயந்திரத்தால் தயாரிக்கப்பட்டது, கையெழுத்து இல்லாமலே செல்லும் என்று இருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றி சொல்ல ஓர் ஆள் கூட இல்லை.

இந்த நாட்டைப் பற்றி எனக்குப் பெருமிதம் கிடையாது. பதினான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். முதல் ஆண்டு வந்தது நான் கட்டிய காப்பீட்டுப் பணம். அதற்குப் பிறகு வந்தது ஊரார் வரிப்பணம். அப்போது வங்கிக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் துழாவினார்கள். மனைவியின் தோடு தங்கமா என்று கேட்டார்கள். எரிச்சலில் நானும் ஒருநாள் மேசையில் தட்டினேன். ஆனாலும் பணம் நிற்கவில்லை. மேசையில் தட்டியவனுக்கும் தட்டாதவனுக்கும் ஒரே தேதியில் வந்தது. இதை நான் முக்கியமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

3

ஏன் மதிப்பெண் பட்டியலோடு போனேன்?

அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்பார்கள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய வலது கை, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு வேலை இல்லை. ஆனால் முதலாளி நல்லவர். அவர் நல்லவர் என்பதை ஊரே சொல்லும், நானும் சொல்கிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்களா கேட் திறக்கும். அம்மா என்னையும் செல்வியையும் அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே போய் நிற்பாள். முதலாளி பிரம்பு நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்து, "கணக்குல எவ்ளோ?" என்பார். நான் சொல்வேன். "போன மாசத்தைவிட கம்மியாச்சே" என்பார். அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். பிறகு கவர் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தயங்கித் தயங்கி, "பொண்ணு இவனவிட நல்லா படிக்குதுங்க" என்றாள். உண்மை. செல்வி கணக்கில் என்னைவிட எப்போதும் பதினைந்து கூடுதல். முதலாளி சிரித்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளய நான் பாத்துக்கறேன்மா. பொண்ணுக்கு இன்னாத்துக்கு?" செல்விக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தனுப்பினார்.

அவர் காசில் நான் பாலிடெக்னிக் படித்தேன். செல்வி பத்தாவதோடு நின்று ஷூ கம்பெனிக்குப் போனாள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பிரிவில் மட்டும் இருபத்தைந்து ஆண்டுகள். நான் தரம் பார்க்கிற ஜோடிகளில் எத்தனையோ அவள் கையால் ஓடியிருக்கும்.

அந்த மனிதர்மீது எனக்கு நன்றி இருக்கிறது. அந்த நன்றியை நான் வெறுக்கிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் எளிது. நல்லவர் ஒருவர் தன் காசைத் தன் மனம்போல் கொடுத்தார். மனம் பையனைப் பார்த்தது, பெண்ணைப் பார்க்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அவர் காசு, அவர் நாற்காலி, அவர் கேட்.

4

பட்டியல் வந்த அன்று இரவு ராஜசேகரைக் கூப்பிட்டேன். ஏழாவது பெண் யார் என்று சொல்லவில்லை. மேடையும் கும்பிடும் இல்லாமல் கொடுக்க முடியாதா என்று மட்டும் கேட்டேன்.

"இன்னா சார், குடுக்கறவனுக்கு ஒரு சந்தோஷம் வேணாமா? வீடியோ இல்லன்னா அடுத்த வருஷம் ஒருத்தனும் குடுக்க மாட்டான்."

"அப்படின்னா அது அடுத்த வருஷம் நின்னுபோகக் கூடியது. அதத்தான் சொல்றேன். கவர்மெண்டு வரிப்பணத்துலருந்து குடுத்தா நிக்காது."

"வரியா?" அவர் சிரித்தார். "வரின்றது புடுங்கறது சார். மனசார குடுத்தாத்தான் தர்மம். நான் கஷ்டப்பட்டு சம்பாதிக்கறேன், பாதிய புடுங்கிக்கறான். எவனோ வேல செய்யாம படுத்துக்கெடக்கறதுக்கு. அங்க ஊர்ல கேக்கவே வேணாம். நம்ம டாக்ஸ் பூரா கான்ட்ராக்டர் பாக்கெட்டுல. அந்தப் பொம்பளைங்க யாராச்சும் ஒரு ரூபா டாக்ஸ் கட்டியிருப்பாங்களா?"

இந்தப் பேச்சை நான் சங்கத்தில் நூறு முறை கேட்டிருக்கிறேன். பிரியாணி வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். ராஜசேகரின் இரண்டு குழந்தைகளும் இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். மூத்தவள் பிறந்தபோது அவர் வந்து ஏழு மாதம்தான். குழந்தைகளுக்கான மாதப்பணம் இன்றைக்கும் வருகிறது. பையன் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லாமல் படிக்கிறான். இவையெல்லாம் படுத்துக்கிடப்பவனுக்குப் போகிற கணக்கில் வராதாம்.

செல்வி வரி கட்டாதவளா? அவள் வாங்கிய ஒவ்வொரு சோப்பிலும், கைப்பேசிக்குப் போட்ட ஒவ்வொரு ரீசார்ஜிலும், தன் கம்பெனி செருப்பு வாங்கக் கட்டுப்படியாகாமல் சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பிலும் கட்டியிருக்கிறாள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் நான் சிறுவனாக இருந்தபோது குடிக்கிற தண்ணீர். இப்போது உப்பு. தென்னை கருகிவிட்டது. தோல் கழுவிய தண்ணீர் பாலாற்றில் இறங்கி, மண்ணில் இறங்கி, எல்லார் கிணற்றுக்கும் போனது. அந்த நஷ்டத்தைப் பங்கிட்டபோது யாருடைய மனசையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு கட்டாயமாகப் பங்கு வந்தது. லாபத்தில் ஒரு துளி திரும்பி வருவதற்கு மட்டும் மனசார வேண்டுமாம்.

கான்ட்ராக்டர் திருடினால் கான்ட்ராக்டரைப் பிடி. திருடன் வந்தான் என்று வீட்டை இடிப்பார்களா?

இதையெல்லாம் ஏறக்குறைய இதே சொற்களில் சொன்னேன். ராஜசேகர் கொட்டாவி விட்டது கேட்டது. "நல்லா பேசறீங்க சார். அந்த நாலு வரி மட்டும் வெள்ளிக்கெழமக்குள்ள குடுத்துடுங்க."

பக்கத்து அறையிலிருந்து யாழினி வந்தாள். அடுமனையில் வார இறுதி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். "அப்பா, என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். அந்த மாமா சொல்வது தப்பா?" என்று ஜெர்மனில் கேட்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று டைரியில் இல்லை. "உங்களுக்கு எப்போதும் கோபம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

அந்த வாரம் சனிக்கிழமை செல்வியைக் கூப்பிட்டேன். அவள் நூறு நாள் வேலையிலிருந்து திரும்பி முகம் கழுவியிருந்தாள்.

"செல்வி, உன் போட்டோ ஒண்ணு பாத்தேன். வாசல்ல நின்னு கும்பிடற போட்டோ."

"அது உன்கிட்ட எப்படி வந்துச்சு? அது கவர்மெண்டு போட்டோ ஆச்சே!"

விஷயம் மெல்ல வந்தது. கம்பெனி வேலை போய் எட்டு மாதம் ஆகிறதாம். எனக்குச் சொல்லவில்லை. கண் மங்கி, தையல் வரி கோணிற்று. யாரும் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. ஒருநாள் காலை கம்பெனி பஸ் அவள் நிற்கிற இடத்தில் நிற்காமல் போனது. மறுநாளும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அவள் போகவில்லை. அவ்வளவுதான்.

பிறகு ஆதரவற்ற விதவைக்கான அரசு உதவித்தொகைக்கு மனு போட்டிருக்கிறாள். விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும் என்று சொன்னார்களாம். பத்து நாளில் பைக்கில் ஒருவன் வந்தான். கழுத்தில் அட்டை, கையில் நிரப்புகிற பாரம்.

"அவருதான் ஆபீசர்னு நெனச்சேன்ணா. இன்னா கேட்டாலும் சொன்னேன். எத்தினி வேள சாப்புடறேன்னு கேட்டாரு. அரிசி டப்பாவ தொறந்து காட்டினேன். அப்பறம் வாசல்ல நின்னு கும்பிடுன்னாரு."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"கவர்மெண்டுல புதுசா எதனா கேக்கறானோன்னு பாத்தேன்."

அவன் சங்கத்துக்காக ஆள் பிடிக்கிறவன் என்றேன். மேடை, வீடியோ, தையல் மெஷின் எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"தையல் மெஷினா? எனக்கா? கண்ணு போச்சுன்னுதானே பஸ்ஸ நிறுத்தாம போனான்! ஊசில நூல் கோக்க முடியாதவளுக்கு மெஷினாம். உங்க சங்கத்துல படிச்சவங்க யாருமே இல்லியா?"

"வுடு. மாசாமாசம் நான் அனுப்பறேன். சேத்தே அனுப்பறேன்."

"நீதான் திவ்யாவுக்கு காலேஜ் பீஸ் கட்டற. இல்லன்னு சொல்லல. ஆனா போன் பண்ணா அவள மொதல்ல இன்னா கேக்கற?"

திவ்யா அவளுடைய ஒரே மகள். நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மார்க் எவ்ளோன்னு கேக்கற. பங்களா மொதலாளிய இத்தினி வருஷமா திட்டறியே, அவரு எவ்ளோ தேவல. மாசத்துக்கு ஒரு வாட்டிதான் கேட்டாரு. நீ வாரா வாரம் கேக்கற. உன் போன் வந்தா அது பாத்ரூமுல போய் பூந்துக்குது."

இதை எழுதும்போதும் எனக்கு நன்றாக இல்லை. ஆனால் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதை மறைக்க முடியாது.

"அப்ப அந்த ஆபீஸ்ல மட்டும் உனக்கு மரியாதயா?" என்று கேட்டேன். வீம்புக்குத்தான் கேட்டேன்.

"இன்னா மரியாத? மூணு வாட்டி நடந்தேன். கடைசி வாட்டி அந்த ஆளு சொல்றான், உங்க அண்ணன் ஜெர்மனில இருக்காராமே, நீ எப்படி ஆதரவற்றவள்னு. எங்கண்ணன் ஜெர்மனில இருந்தா செத்துப்போன எம் புருஷன் எழுந்து வந்துட்டானான்னு கேட்டேன். அங்க இருந்தவங்க அத்தினி பேரும் திரும்பிப் பாத்தாங்க. கத்திட்டு வந்தேன்ணா. அங்க கத்தலாம். உங்க மேடைல ஏறி கத்த முடியுமா?"

நான்கு நாளாக நான் ராஜசேகருக்கு எதிராகத் தேடிக்கொண்டிருந்த வாதத்தை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். படித்த புத்தகங்களில் எங்கும் எனக்கு இது இப்படிக் கிடைக்கவில்லை. சேரவேண்டியது என்றால் சண்டை போடலாம். கருணையோடு சண்டை போட முடியாது. போட்டால் நன்றி கெட்டவள்.

ஆனால் பயமும் இருந்தது. அவள் மேடையை மறுத்து, அலுவலகமும் மறுத்துவிட்டால்?

"மெஷின வாங்கி வித்துடலாமேன்னு திவ்யா சொல்லுது" என்றாள். "வாங்கினா மனு போச்சு. அதான் சங்கம் குடுத்துச்சேம்பான். ஒண்ணு அது, இல்ல இது."

"நீ இன்னா பண்ணப்போற?"

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கறாங்க. திருப்பத்தூருக்கு போறேன்."

6

ராஜசேகரிடம் ஏழாவது பெயரை எடுத்துவிடச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பதறிப்போனார். "அய்யோ சார், மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? உங்க தங்கச்சின்னா மேடை இல்லாம தனியாவே குடுத்திருப்பமே!" அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்று மாலைக்குள் ஏழாவது இடத்துக்கு வேறொரு பெண் கும்பிட்டபடி வந்து சேர்ந்தாள்.

நான்கு வரிகளை வேறு யாரோ எழுதினார்கள். நான் செயலாளர் பதவியை விட்டேன். சித்திரை விழாவுக்குப் போனேன். திரையில் படம் ஓடியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த யாழினி, "அப்பா, இவங்க என்ன தப்பு செஞ்சாங்க? ஏன் மன்னிப்புக் கேக்கறாங்க?" என்றாள். தமிழிலேயே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவளிடம் செல்வியைப் பற்றிச் சொன்னேன், இந்த முறை கத்தாமல். அவள் ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது. அத்தையின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திருப்பத்தூரில் செல்வியின் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ஜூனில் விசாரணைக்கு ஆள் வந்தார். இந்த முறை உண்மையான ஆள். அவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாளாம். அரிசி டப்பாவைக் காட்டச் சொன்னபோது, "பாரத்துல அந்தக் கேள்வி எங்க இருக்குது, காட்டுங்க" என்றாளாம். இல்லை. அண்ணனைப் பற்றிய கேள்வியும் இல்லை. ஜூலையில் ஒன்றும் வரவில்லை. ஆகஸ்டில் மறுபடி திங்கட்கிழமை போய் நின்றாள். அந்த மாதங்களில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாள். நான் அனுப்பிய பணத்தில் கல்லூரிக்குப் போக மீதியைத் திருப்பி அனுப்பத் தெரியாததால் வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அக்டோபர் மாதம் முதல் தொகை வந்தது. அன்று மாலையே கூப்பிட்டேன். மதிப்பெண் கேட்கவில்லை.

"வந்துட்டுதாமே?"

"வந்துச்சு. பேங்க்ல போய் எடுத்தேன். ஒரே பேஜாரு. ஒரு கவுண்டர்தான் தொறந்து வச்சிருக்கான், நூறு பேரு நிக்கறாங்க, குடிக்கத் தண்ணி இல்ல. மேனேஜர் ரூமுக்கு போயி கேட்டேன். நாளைக்கு ரெண்டாவது கவுண்டரும் தொறக்கறேன்னான்."

"யாருக்காச்சும் நன்றி சொன்னியா?"

"எதுக்கு?" என்றாள். "இத வச்சிகினு பத்து நாள்கூட தள்ள முடியாது. ஜாஸ்தி பண்ணச் சொல்லி அடுத்த திங்கக்கெழம மனு குடுக்கப்போறோம். எங்க ஊர்லருந்து ஆறு பேரு."